பார்ப்பவர்: ஒருவர்

இன்று காலை கேமரா ஸ்டாண்டை விரித்து நிறுத்தும்போது அந்த மருதாணிக் கறை கண்ணில் பட்டது. வெயில் காலத்தில் கை வழுக்குகிறது என்று நீ கைப்பிடியில் சுற்றிவைத்த வெள்ளைத் துணி டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் உன் விரல்கள் மூன்று செம்பழுப்பாகப் பதிந்திருக்கின்றன. புது ஸ்டாண்ட் வாங்கியாகிவிட்டது. எடை குறைவு, பிடி சுலபம், எல்லாம் சரிதான். ஆனால் இன்று உன் மகள் ஷிஃபாவுக்குக் கல்யாணம். அதற்குப் புதியதைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பழைய இரும்பைச் சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முட்லூர் வளைவில் பக்கத்து சீட்டுக்காரர் முழங்காலில் இடித்து, அவர் முறைத்து, நானும் முறைத்தேன்.

மண்டபத்தில் பெண்கள் பக்கம் உன் வீட்டுச் சனம் நிறைந்து கிடந்தது. பின்கட்டிலிருந்து தம் போட்ட பிரியாணி வாசனை. ஷிஃபா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வியே இதுதான்.

"செல்வி சித்தி, லிங்க் போட்டாச்சா?"

"யாருக்குடி லிங்க்? ஒலகத்துல இருக்கிற ஒன் சொந்தம் பூரா இங்கதானே கெடக்கு. ஒன் வாப்பாவே சிங்கப்பூர்லேருந்து வந்துட்டாரு."

"போடுங்களேன்" என்றாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். லேப்டாப்பைத் திறந்து, எப்போதும் போல நேரலைக்குப் பூட்டிய இணைப்பு ஒன்றை உருவாக்கினேன். திரையின் ஓரத்தில் அந்தச் சின்னக் கண் படமும் பக்கத்தில் எண்ணும் வந்தன. பார்ப்பவர்: பூஜ்யம்.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ எந்தக் கதையையும் உன் வசதிக்குத் திருப்பிச் சொல்கிறவள். கேட்கிறவர்கள் சிரித்தால் இன்னும் கொஞ்சம் திருப்புவாய். என் பக்கத்துக் கதையும் ஒரு தடவை ஒழுங்காகப் பதிவாகட்டும்.

கடலூரில், மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில்தான் உன்னை முதலில் பார்த்தேன். இருவருமே போட்டோ எடிட்டிங் கற்றுக்கொள்ள வந்திருந்தோம். எனக்கு மஞ்சக்குப்பத்திலேயே வீடு. நீ பரங்கிப்பேட்டையிலிருந்து வருவாய். உன் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து ஆசையாக ஒரு கேமரா வாங்கி அனுப்பியிருந்தார். குழந்தையைப் படம் எடுத்து அனுப்பு என்று. நீ குழந்தையை எடுத்தாய், பக்கத்து வீட்டுக் குழந்தையை எடுத்தாய், அப்புறம் தெருவில் நடந்த கல்யாணங்களிலெல்லாம் பெண்கள் பக்கம் நுழைந்து எடுத்தாய். ஆண் போட்டோகிராபர்கள் வாசலோடு நின்றுவிடுகிற இடம் அது. உள்ளே இருக்கிற அத்தனை பட்டும் நகையும் சிரிப்பும் யார் படத்திலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன.

மென்பொருளில் நீ பெரிய ஆள் இல்லை, ஒப்புக்கொள். லேயர் என்றால் என்ன என்று உனக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில், "நீ பொட்டியப் பாத்துக்க, நான் ஆளுங்களப் பாத்துக்கறேன்" என்றாய். எனக்கு ஆட்களைக் கண்டால் ஆகாது. உனக்குக் கம்ப்யூட்டரைக் கண்டால் ஆகாது. கூட்டு சேர இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்? நான் கல்யாணமாகிச் சிதம்பரம் வந்ததும், மேலவீதிக்குப் பின்னால் என் வீட்டு முன்னறையிலேயே தொழிலைத் தொடங்கிவிட்டோம்.

நீ போட்ட சட்டங்கள் எனக்கு எரிச்சலாக இருந்தன. படம் எடுத்த கார்டு, ஆல்பம் முடிந்ததும் பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டும். நம்மிடம் ஒரு நகல்கூட இருக்கக் கூடாது. லேப்டாப் தானாக நெட்டில் ஏற்றி வைத்துக்கொள்கிற வசதியை நீ என் எதிரிலேயே அணைக்கச் சொல்லி, அணைந்ததா என்று இரண்டு தடவை கேட்டாய். ஒருநாள் புது மென்பொருள் ஒன்று, ஒரு கல்யாணத்தில் திரும்பத் திரும்ப வந்த முகத்தைத் தனியாகப் பிரித்து வட்டம் போட்டு, இவர் யார் என்று கேட்டது. நான் அதன் புத்திசாலித்தனத்தை வியந்துகொண்டிருந்தேன். நீ திரையைப் பார்த்து, "அது யாரா இருந்தா ஒனக்கு என்னா? ஒன் வேலையப் பாரு" என்று மாமியார் தோரணையில் சொன்னாய். அந்த வசதியையும் அணைத்தேன்.

"எல்லா ஸ்டுடியோக்காரனும் ரீல்ஸ் போடறான், நமக்குன்னு நெட்டுல ஒரு பக்கம் இருக்கு, அதுல ஒரு சாம்பிள் படம்கூட இல்ல" என்று நான் புலம்பாத நாள் இல்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு வீட்டார் நம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, படமே காணோமே, நீங்கள் நிஜமாகவே போட்டோ எடுக்கிறவர்கள்தானா என்று போன் போட்டுக் கேட்டார்கள். நீ போனை வாங்கி, "ஒங்க வீட்டுப் படமும் இதே மாதிரிதான் அங்க இல்லாம இருக்கும்" என்றாய். உடனே நாள் குறித்துவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மட்டும்தான்.

உன் தெருப் பெண் நஸீமாவின் கல்யாணம் வந்தது இதற்கெல்லாம் பிறகு.

நஸீமாவின் உம்மா ரஹ்மத் மாமி குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலையில் இருந்தார். புருஷன் போனபிறகு பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனவர். கல்யாணத்துக்கு வருவதாகத்தான் ஏற்பாடு. துணியெல்லாம் எடுத்துவைத்தாகிவிட்டது. கடைசி நேரத்தில் பாஸ்போர்ட்டில் ஏதோ சிக்கல், வர முடியாது என்றாகிவிட்டது. தள்ளிவைக்கலாம் என்றால் மாப்பிள்ளை விடுமுறையில் வந்தவர், திரும்பிப் போகிற டிக்கெட்டோடு நிற்கிறார். ரஹ்மத் மாமி உனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். என்னைக் கேட்கவைத்தாய். அதில் அழுகை இல்லை. "எம் புள்ளைக்குக் கருகமணி கட்றத மட்டும் நான் பாக்கணும், ஏதாச்சும் பண்ணு" என்பதுதான் முழுச் செய்தியும்.

நேரலை என்பது ஆண்கள் பக்கத்தில் பெரிய விஷயமே இல்லை. பள்ளிவாசலில் நிக்காஹ் ஓதுவதை அப்போதே பலர் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எங்களுக்குத் தாலி மாதிரி உங்களுக்குக் கருகமணி, அதைக் கட்டுவது பெண்கள் பக்கத்தில். அங்கிருந்து ஒரு படம் வெளியே போவது என்பதே அந்தத் தெருவில் பேசக் கூடாத பேச்சு. அதைப் பேசுவதற்கு நீ நேராக மைமூன் மாமியிடமே போனாய். தெருவில் எந்தப் பெண் வீட்டு விசேஷமும் அவர் வார்த்தை இல்லாமல் நகராது. நானும் கூட வந்து வாசல் பக்கமாக உட்கார்ந்துகொண்டேன், ஓடுவதற்கு வசதியாக.

மைமூன் மாமி எல்லாவற்றையும் கேட்டார். இணைப்பு ஒருவருக்கு மட்டும்தான், பதிவு எதுவும் சேமிக்கப்படாது, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண் காட்டும் என்று நான் விளக்கினேன். அந்த எண் விஷயம் மட்டும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"பெத்தவ பாக்கத்தான் வேணும். அவ ஒருத்தி பாக்கச் சம்மதம்" என்றார். "ரெண்டுன்னு காட்டுச்சுன்னா அந்த நிமிஷமே பொட்டிய மூடிடணும். சரியா?"

சரி என்று நீ சொல்லிவிட்டாய். இணைப்பை நடத்தப்போகிறவள் நான்.

கல்யாணத்தன்று நீ ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்து, பெண் உட்காரும் நாற்காலியைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டாய். கேமராவுக்குத் தெரிவது அந்தக் கோட்டுக்குள் மட்டும். "எல்லாரும் கேட்டுக்கங்க, இந்தக் கோட்டுக்கு உள்ள கால வச்சீங்கன்னா நேரா குவைத்து போயிடுவீங்க" என்று அறிவித்தாய். ஒரே சிரிப்பு. அதற்கப்புறம் பட்டுப்புடவைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஓடையைச் சுற்றி வருவதுபோல எல்லோரும் அந்தக் கோட்டைச் சுற்றி நடந்தார்கள். காத்திருந்த நேரத்தில் யாரோ ஒரு பெண் மருதாணிக் கோனைத் தூக்கிக்கொண்டு வந்து உன் கையைக் கேட்டாள். நீ யார் கேட்டாலும் கையை நீட்டுகிறவள். வேலை நேரத்தில் இது என்ன கூத்து என்று நான் கண்ணால் கேட்டேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை.

பார்ப்பவர்: ஒருவர். அந்த எண் வந்ததும் நஸீமாவிடம் சொன்னேன். அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு குவைத்துக்குப் போய்ச்சேர அரை நிமிடம் ஆகும். இங்கே நடப்பது அங்கே தெரிவதற்குள் இங்கே அடுத்தது நடந்துவிடும். அரை நிமிடம் கழித்து ரஹ்மத் மாமியின் மெசேஜ் வந்தபோது நஸீமா சிரிப்பை முடித்துவிட்டுத் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் உம்மா கருகமணியை எடுத்துக்கொண்டு கோட்டுக்குள் வந்தார். அவரிடம் முன்பே சம்மதம் கேட்டிருந்தாய். கருகமணி கட்டும்போது பெண்ணின் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொள்வது அந்தத் தெரு வழக்கம். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. நஸீமாவின் கை அவள் மடியில் தனியாகக் கிடந்தது.

அப்போதுதான் எண் மாறியது. பார்ப்பவர்: இருவர்.

இணைப்பு யார் கைக்கோ போய்விட்டது என்று நினைத்தேன். குவைத்தில் யாரோ ஒருவன் போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டிருப்பதாக, அது நாளைக்கே நெட்டில் சுற்றப்போவதாக, நாம் இரண்டு பேரும் இந்தத் தெருவில் இனி தலைகாட்ட முடியாது என்பதாக, அந்த ஒரு நொடிக்குள் முழுக்கதையையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் தோளுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு குனிந்தபடி மைமூன் மாமி நின்றிருந்தார்.

"செல்வி, அது என்னா ரெண்டு?"

நான் லேப்டாப் மூடியில் கையை வைத்துவிட்டேன்.

"மூடாத" என்றாய் நீ. குரலை உயர்த்தவில்லை. கைப்பிடியை ஒரே திருகாகத் திருகிக் கேமராவைக் கீழே சாய்த்தாய். உன் கையில் மருதாணி காயக்கூட இல்லை. திரையில் நஸீமாவின் முகம் போய், மடியில் இருந்த அவள் கைகள் மட்டும் நிறைந்தன. "கைதான் தெரியுது மாமி, பாருங்க. மத்தவங்களுக்கு அது வெறும் கை. யாருதுன்னு பெத்தவளுக்குத்தான் தெரியும்."

மைமூன் மாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் உம்மா கருகமணியை நஸீமாவின் கழுத்தில் வைத்துப் பிடித்தபடி, கொக்கியை மாட்டாமல் நின்றார்.

"நஸீமா, ஒன் கைய உம்மாகிட்ட குடு" என்றாய். அவள் புரிந்துகொண்டு வலது கையைக் கேமராவை நோக்கி நீட்டினாள். உள்ளங்கை விரித்து, வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிற மாதிரி. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரஹ்மத் மாமியின் மெசேஜ் வந்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று போனை உயர்த்திப் பிடித்தாய். "தெரியுதும்மா, ஒன் கை தெரியுது. சுண்டுவெரல்ல அந்தத் தழும்பு, சின்னப்புள்ளைல வடைச்சட்டி சுட்டுச்சே, அதுகூடத் தெரியுது." மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம் குரல் மாறியது. "ஆமா, ஏன் கையவே காட்டிக்கிட்டு இருக்கீங்க? மூஞ்சியக் காட்டுங்களேன். மேடம் ஹால்ல பெரிய டிவில போட்டுக் குடுத்திருக்காங்க, நல்லாப் பெருசாத் தெரியும்."

அதுதான் இரண்டாவது கண். கையிலிருந்த போனில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே டிவியிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேர் என்று மென்பொருள் சொன்னது பொய்யில்லை. ரஹ்மத் மாமியே இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருந்தார். நீ சிரித்த சிரிப்பில் ஸ்டாண்ட் ஆடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேப்டாப் மூடியிலிருந்து கையை எடுத்த பிறகுதான் வந்தது.

மைமூன் மாமி மட்டும் பிடியை விடவில்லை. டிவி முன்னால் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டோம். அரை நிமிடமும் அதற்கு மேலும் காத்திருந்தோம். நானும் மேடமும் அவர் உம்மாவும் என்று பதில் வந்தது.

"அவுங்களும் பொம்பளைங்கதானே. மூஞ்சியக் காட்டு" என்றார் மைமூன் மாமி. நீ கேமராவை உயர்த்தினாய். மாப்பிள்ளையின் உம்மா கொக்கியை மாட்டப் போனார். மைமூன் மாமி கையை நீட்டி அவரைத் தடுத்தார். "இரு, இரு. மூஞ்சி அங்க போய்ச் சேரட்டும். அப்புறம் கட்டு."

அத்தனை பெண்களும் குவைத்துக்காகக் காத்திருந்தார்கள். பிறகுதான் கருகமணி கட்டப்பட்டது.

எல்லாம் முடிந்ததும் நான் நிம்மதிப் பெருமூச்சோடு இணைப்பைத் துண்டிக்கப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். "வந்தவங்க எழுந்து போறதுக்கு முன்னாடி கதவ சாத்துவியாடி? அவுங்க போவட்டும். நாம அப்புறம் அணைக்கலாம்." நிகழ்ச்சியே முடிந்துவிட்டது, இனிமேல் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டேன். நீ கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, நஸீமா சாப்பிட உட்கார்ந்ததைக் காட்டினாய். ரஹ்மத் மாமியின் தங்கை தட்டில் பிரியாணியை வைத்து, ஒரு வாய் எடுத்துக் கேமராவுக்கு ஊட்டுவதைக் காட்டினாய். அப்புறம் காலியான நாற்காலியையும், அதைச் சுற்றிப் பாதி அழிந்துபோன சாக்பீஸ் கோட்டையும் காட்டினாய். குவைத்தில் மாமிக்குச் சமையலறை வேலை வந்திருக்க வேண்டும். இரண்டு ஒன்றாகி, ஒன்று பூஜ்யமானது. அதற்குப் பிறகுதான் அணைக்கவிட்டாய்.

அன்றிலிருந்து நமக்கு இரண்டு வழக்கங்கள் வந்தன. எந்த நேரலையும் முதலில் பெண்ணின் கையிலிருந்து தொடங்கும்; பார்க்க வேண்டியவர் மட்டும்தான் இருக்கிறார் என்று உறுதியானதும்தான் கேமரா மேலே போகும். கடைசி ஆள் போகும்வரை இணைப்பு அணையாது. நம் பக்கத்தில் நான் இத்தனை காலம் கேட்டுப் புலம்பிய சாம்பிள் படங்களும் வந்தன. எல்லாம் கைகள். மருதாணிக் கை, வளையல் கை, தட்டைப் பிடித்த கை, வாசலில் செருப்பைத் தேடுகிற கை. யார் கை என்று யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்துத்தான் சிதம்பரத்திலும் கடலூரிலும் இந்து வீடுகள், கிறிஸ்தவ வீடுகளிலிருந்துகூடக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எல்லா வீட்டிலும் எங்கேயோ ஒருவர் வர முடியாமல் இருக்கிறார்.

நீ புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தோம். நான் போகமாட்டேன் என்றேன். எனக்கு ஆட்களிடம் பேசவும் வராது, கேமராவும் உன்னளவுக்கு வராது. "எனக்கும் லிங்க் அனுப்பு, நான் இங்கேருந்து பாத்துக்கறேன்" என்றாய். பெண்ணின் அக்கா ஷார்ஜாவில் இருந்தாள், அவளிடமும் மண்டபத்துப் பெண்களிடமும் சம்மதம் வாங்கிவிட்டு உனக்கும் அனுப்பினேன். பார்ப்பவர்: இருவர். அன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது.

நீ சும்மாவா இருந்தாய்? "சாயுது பாரு, வலது பக்கம் தூக்கு" என்று மெசேஜ் வரும். நான் அதற்குள் சரிசெய்திருப்பேன். உன் திரையில் அரை நிமிடத்துக்கு முந்தைய சாய்மானம். உன் பேச்சைக் கேட்டு நான் மறுபடி தூக்க, அது நிஜமாகவே சாய்ந்துவிடும். அப்புறம் அதற்கு ஒரு மெசேஜ். அந்தக் கல்யாணத்தில் கேமரா மிதக்கும் படகு மாதிரி ஆடியதற்கு நீதான் காரணம். இதை உன் வீட்டில் நீ எப்படிச் சொன்னாய் என்று ஷிஃபா என்னிடம் சொன்னாள்.

கல்யாணம் முடிந்தது. ஷார்ஜா அக்கா நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பார்ப்பவர்: ஒருவர். அது நீ. நான் அணைக்கவில்லை, வந்தவர் முதலில் போக வேண்டும் அல்லவா? நீயும் போகவில்லை. ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு போய் உனக்கு நாற்காலி அடுக்குவதைக் காட்டினேன். அண்டா கழுவுகிற இடத்தைக் காட்டினேன். மண்டபத்துப் பின்வாசலிலிருந்து வெள்ளாற்றையும் மணல் திட்டில் நின்ற நாரைகளையும் காட்டினேன். உன்னிடமிருந்து மெசேஜ் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒன்று அப்படியே நின்றது. பேசாமலே இரண்டு பேரும் அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திடீரென்று பூஜ்யம் ஆனது.

போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. லேப்டாப்பை மூடத் தோன்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பஸ் பிடித்துப் பாதி வழி வந்தபிறகுதான் நீ கூப்பிட்டாய்.

"நான் போவலடி. சார்ஜ் போச்சு. பக்கத்து பெட்டு அம்மா என் சார்ஜரத் தூக்கிக்கிட்டு எக்ஸ்ரே எடுக்கப் போயிட்டாங்க."

பஸ் என்றுகூடப் பார்க்காமல் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். "ஏன்டி, சொல்லாம கொள்ளாம போறவளா நானு?" என்றாய். சொல்லிக்கொண்டுதான் போனாய், பிறகு. அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. இன்று கல்யாண நாள்.

இன்றைக்கு நான் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டுத்தான் கேமராவை நிறுத்தினேன். கருகமணி கொண்டுவந்தார்கள். ஷிஃபாவின் பக்கத்தில் உன் இடம். உன் அக்காவைப் பார்த்து உன் நாத்தனார் "நீங்க ஒக்காருங்க" என்றார். உன் அக்கா அவரைப் பார்த்து "நீங்கதான் அத்தைக்காரி, நீங்க ஒக்காருங்க" என்றார். மரியாதை என்ற பெயரில் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். யாருக்கும் அந்த நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. ஷிஃபா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுதுவிடப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கோ ஆட்களைச் சமாளிக்கத் தெரியாது. நீ இல்லாதது அந்த இடத்தில் கோபமாகத்தான் வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரஹ்மத் மாமி வந்தார். குவைத் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். நஸீமா குழந்தையோடு பின்னால் நின்றாள். மாமி யாரிடமும் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டி வந்து உட்கார்ந்து, ஷிஃபாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எம் புள்ள கைய ஒன் உம்மா எனக்குக் காட்டுனா" என்றார். "இன்னிக்கு அவ புள்ள கைய நான் புடிச்சுக்கறேன்." அப்புறம் என்னைப் பார்த்தார். "என்னா செல்வி, அப்புடியே நிக்கிற? மொதல்ல கையக் காட்டு."

கைப்பிடியில் உன் விரல் பதிந்த இடத்தில் என் விரலை வைத்துக் கேமராவைச் சாய்த்தேன். திரையில் கைகள் நிறைந்தன. அப்புறம் உயர்த்தினேன். சம்பந்தியம்மா கருகமணியைக் கழுத்தில் வைத்துக் கொக்கியை மாட்டப் போனார். மைமூன் மாமிக்கு இப்போது நிற்க முடிவதில்லை. ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே கையை உயர்த்தினார்.

"இரு. அங்க போய்ச் சேரட்டும்."

எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நஸீமாவின் கல்யாணத்தில் நின்ற மாதிரியே எல்லோரும் அந்த அரை நிமிடம் நின்றார்கள். ஷிஃபா நேராகக் கேமராவைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தாள். உன் சிரிப்பு, அப்படியே. அப்புறம் மைமூன் மாமி தலையை அசைத்தார். கொக்கி மாட்டினார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கேமராவைக் காலி நாற்காலி பக்கம் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஷிஃபா ஒரு தட்டில் பிரியாணியும் கத்தரிக்காய்ப் பச்சடியும் போட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணப் பெண் பரிமாறுகிற பழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று திட்டினேன். அவள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ஓடுதா சித்தி?"

"ஓடுது. நாம மொதல்ல அணைக்கக் கூடாது."

"எவ்ளோ பேரு?"

நான் திரையைப் பார்த்தேன். காலையிலிருந்து அந்த எண் மாறவே இல்லை. பூஜ்யம். "ஒன் உம்மாவுக்குச் சார்ஜ் போயிருக்கும்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் ஆறிப்போன பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே, அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.